வீட்டுக்குள் ஆமைத் தொட்டி: வன்னி வெக்கையில் எப்படி வைப்பது?

பரந்தன் அப்பா:
வணக்கம் உறவுகளே. சின்ன மகளுக்கு ஒன்பது வயது. போன மாதம் அவளின் மாமா கொழும்பில் இருந்து வரும்போது இரண்டு ஆமைக்குஞ்சு கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த நாளே பஸ் ஏறிவிட்டார். பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. பத்து ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது. கூடவே வந்தது சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, அதன் நடுவில் ஒரு பிளாஸ்ரிக் தென்னைமரம், ஒரு பை காய்ந்த இறால்.

தண்ணீர் இரண்டு நாளில் நாறுகிறது. ஒரு குஞ்சுக்குக் கண் வீங்கி மூடியபடி இருக்கிறது. மகள் அழுகிறாள். சரி, ஒழுங்காக ஒரு தொட்டி வைப்போம் என்று முடிவெடுத்துவிட்டேன். எங்கள் வீடு சீற் கூரை. சித்திரை மத்தியானம் உள்ளே இருக்கேலாது. தண்ணீர் கிணற்றுத் தண்ணீர், கேத்திலில் வெள்ளை படியும் வகை. கடைக்காரர் ஹீற்றர் கட்டாயம் என்கிறார். இந்த வெக்கைக்கு ஹீற்றரா? எவ்வளவு பெரிய தொட்டி, என்ன பில்டர், என்ன லைற்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வவுனியா மீன்தொட்டி:
அண்ணை, முதலில் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடுங்கள். தென்னைமரத்தை மகள் வைத்துக்கொள்ளட்டும்.

உங்களிடம் இருப்பது சிவப்புக்காது ஆமை. சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். இப்போது குற்றி அளவு. பெண்ணாக இருந்தால் ஓடு மட்டும் 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளரும், ஆண் அதைவிடச் சிறிது. நன்றாகப் பார்த்தால் 20, 30 வருடம் இருக்கும். மகளின் கலியாணத்துக்கும் ஆமை வீட்டில் நிற்கும். விற்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

தொட்டி அளவுக்கு ஆமை வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு, ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஏறத்தாழ 40 லீற்றர் தண்ணீர். 8 அங்குல ஆமை ஒன்றுக்கு 320 லீற்றர். குஞ்சுக்கு இப்போதே அவ்வளவு தேவையில்லை. நான்கு அடித் தொட்டி, அதாவது 120 நீளம், 45 அகலம், 45 உயரம் (எல்லாம் சென்ரிமீற்றர்) செய்வித்து, 30 உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் 162 லீற்றர் வரும். அது முதல் இரண்டு வருடத்துக்குக் காணும். மேலே விட்ட 15 சென்ரிமீற்றரும் வீண் இல்லை. ஆமை நீந்த மட்டுமா, ஏறவும் தெரியும். குஞ்சு சின்னதாக இருக்கும்வரை தண்ணீரைக் குறைத்து வைத்து, வளர வளர ஏற்றுங்கள்.

162 லீற்றர் என்றால் தண்ணீர் மட்டும் 162 கிலோ. ரி.வி. மேசையில் வைக்காதீர்கள். சீமெந்துக் கல் அடுக்கி, மேலே தடித்த பலகை, அதற்கு மேல் ரெஜிபோம் தகடு, அதற்கு மேல் தொட்டி.

கண்ணாடி நாங்கள் பார்க்கத்தான், ஆமைக்கு அது தேவையில்லை. வெடித்துப்போன 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி எங்காவது கிடந்தால், வெடிப்பு மேல்பாதியில் என்றால், கீழ்ப்பாதியை அறுத்து எடுங்கள். விளிம்பை அரத்தால் தேயுங்கள். என் பெரிய ஆமை நான்கு வருடமாக அப்படி ஒரு பாதித் தாங்கியில்தான். பார்க்க வடிவில்லை, மனைவி இன்னும் திட்டுகிறார், ஆமைக்கு மகிழ்ச்சி.

நெடுங்கேணி அக்கா:
வவுனியாத் தம்பி சொல்வது சரி. என்னிடம் ஆறு வயதில் ஒன்று நிற்கிறது. பெயரும் தம்பிதான். கோபிக்காதீர்கள்.

அந்தக் கண் வீக்கம் பற்றி. என்னுடையதுக்கும் வந்தது. காய்ந்த இறால் மட்டும் தின்றால் விற்றமின் ஏ காணாமல் போய்க் கண் வீங்கும். அழுக்குத் தண்ணீர் அதை இன்னும் கூட்டும். கண்ணைத் திறக்க முடியாத ஆமை சாப்பாட்டைக் காணாது, அதனால் பட்டினி. தினமும் சுத்தமான தண்ணீர் மாற்றி, ஆமைக்கென்று விற்கும் மிதக்கும் உருண்டைச் சாப்பாடு கொடுங்கள். ஒரு வாரத்தில் தெளியவில்லை என்றால் மிருக வைத்தியரிடம் போங்கள். எங்கள் பக்கத்து வைத்தியர் மாடு, ஆடு பார்க்கிறவர். ஆமையைக் கண்டதும் சிரித்தார், ஆனாலும் பேராதனையில் படித்த காலத்து நண்பரை உடனே தொலைபேசியில் பிடித்துக் கேட்டுச் சொன்னார். விற்றமின் ஊசியை நீங்களாகப் போட வேண்டாம், கூடினாலும் தோல் உரியும்.

மாங்குளம் மாஸ்டர்:
ஹீற்றர் கேள்விக்கு வருகிறேன். கடைக்காரர் சொல்வது குளிர்நாட்டுப் புத்தகத்தில் உள்ளது. வன்னியில் எங்கள் பிரச்சினை தலைகீழ்.

ஆமைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கத் தெரியாது. தண்ணீரில் 25 பாகை, மேடையில் 32, 33 பாகை என்று இரண்டு இடம் இருந்தால், குளிரும்போது ஏறும், சுடும்போது இறங்கும். ஏறி இருக்கும் நேரத்தில்தான் ஓடு காயும், புறஊதா ஒளி படும், அந்த ஒளியால் விற்றமின் டி உண்டாகி, சாப்பாட்டில் உள்ள கல்சியம் ஓட்டில் சேரும். சித்திரையில் சீற் கூரைக்குக் கீழ் தண்ணீரே 31 பாகைக்குப் போனால் என்ன நடக்கும்? மேடைக்கு ஏறவேண்டிய தேவையே அதற்கு வராது. நாள் முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும். நீங்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய பல்ப் வெறும் மேடைக்கு எரியும். ஓடு மெத்தென்று போகும், பூஞ்சணம் பிடிக்கும். "என் ஆமை வெயில் காய வருவதில்லை" என்று இங்கே முறையிட்டவர்களிடம் நான் முதலில் கேட்பது தண்ணீரின் வெப்பம்தான்.

ஆகவே வெப்பமானி ஒன்று வாங்குங்கள், ஹீற்றருக்கு முன்பே. தொட்டியை மேற்குச் சுவரில் வைக்காதீர்கள், அந்தச் சுவர் இரவு எட்டு மணிக்கும் சுடும். தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி சின்ன விசிறி ஒன்று பூட்டினால் இரண்டு மூன்று பாகை குறையும். சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் இது நல்லாக வேலை செய்யும், மாரியில் காற்று ஈரம் என்பதால் அவ்வளவு இல்லை. அவசரத்துக்குத் தண்ணீர் நிரப்பி உறையவைத்த சோடாப் போத்தலை மிதக்கவிடலாம். ஐஸ் கட்டியை நேரே கொட்டாதீர்கள்.

ஹீற்றர் தேவைப்படுவது மார்கழி, தை இரவுகளில், அதுவும் குஞ்சுக்கும் நோயாளிக்கும். வாங்கினால் துளையிட்ட பிவிசி குழாய்க்குள் வைத்துப் பூட்டுங்கள். கண்ணாடி ஹீற்றரை ஆமை இடித்து உடைக்கும்.

பரந்தன் அப்பா:
மாஸ்டர், இது எனக்குப் புதிது. நேற்று அளந்தேன், மத்தியானம் 32. அதுதான் இரண்டும் கல்லில் ஏறாமல் கிடக்கின்றன போல. லைற் பற்றியும் சொல்லுங்கோ. யன்னல் பக்கம் வைத்தால் வெயில் காணாதா?

மாங்குளம் மாஸ்டர்:
காணாது. யன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், தேவையான புறஊதாக் கதிரைப் பெரும்பாலும் மறித்துவிடும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஊர்வனவுக்கென்று விற்கும் யூவீபி குழாய் விளக்கு. மேடையில் இருந்து 25, 30 சென்ரிமீற்றர் உயரத்தில், இடையில் கண்ணாடியோ பிளாஸ்ரிக்கோ இல்லாமல், நாளுக்கு 10 முதல் 12 மணித்தியாலம். வெளிச்சம் வருகிறது என்பதற்காகக் கதிரும் வருகிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான பல்ப்புகளை 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்ற வேண்டும். வாங்கிய திகதியைப் பல்ப்பின் அடியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

மற்றது காசில்லாதது. காலை ஏழு, எட்டு மணி வெயிலில் பேசினில் ஆழமில்லாத தண்ணீர், பாதிப் பேசினுக்கு நிழல், அரை மணித்தியாலம். வாரத்தில் மூன்று நான்கு நாள். பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். நம்மூரில் காகத்துக்கு ஆமைக்குஞ்சு பலகாரம். கீரி, நாய் வேறு. நிழல் இல்லாத பேசினை மறந்துவிட்டு ரீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது ஆமை வெந்திருக்கும்.

வவுனியா மீன்தொட்டி:
பில்டர் நான் சொல்லவில்லையே. ஆமை மீனைப்போல இல்லை, ஒரு ஆமை பத்து மீன் அளவு அழுக்குப் போடும். பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல், உங்கள் தண்ணீரைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கு என்று எழுதிய பில்டர் வாங்குங்கள்.

இல்லாவிட்டால் என்னைப்போல் செய்யலாம். 20 லீற்றர் வாளி, சாப்பாட்டு எண்ணெய் வந்தது, பெயின்ற் வாளி வேண்டாம். தொட்டிக்கு மேலே ஒரு தட்டில் வைத்து அடியில் துளையிட்டுக் குழாய் பூட்டுங்கள். உள்ளே கீழே உடைந்த கூரையோட்டுத் துண்டுகள், மேலே மெல்லிய ஸ்பொன்ஞ், அதற்கு மேல் கரடான ஸ்பொன்ஞ். தொட்டி அடியில் சின்ன மோட்டர், மணித்தியாலத்துக்கு 800, 1000 லீற்றர் தள்ளுவது. அது தண்ணீரை மேலே தள்ளும், தண்ணீர் வடிந்து தொட்டிக்கு வரும்.

ஓட்டுத் துண்டு ஏன் என்றால், அதன் துவாரங்களில் பக்ரீரியா குடியேறும். ஆமையின் கழிவில் வரும் அமோனியாவை ஒரு கூட்டம் நைத்திரைற்றாக்கும், இன்னொரு கூட்டம் அதைக் கேடு குறைந்த நைத்திரேற்றாக்கும். குடியேற 4 முதல் 6 வாரம் எடுக்கும். அதுவரை அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டும். பில்டர் கழுவும்போது எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் அந்தக் குடியைக் கிளப்பிவிட்டீர்கள், திரும்பத் தொடக்கத்தில் இருந்து. தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பொன்ஞ்சைப் பிழிந்தால் போதும்.

கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். ஆமை மேலே வந்து மூச்சு எடுக்கும், மீன் மாதிரிச் சாகாது. 2022 பங்குனி கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போதும் என் ஆமைகளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மூடிய பில்டருக்குள் காற்றில்லாமல் பக்ரீரியா செத்து, கரண்ட் வந்ததும் அந்த ஊத்தையெல்லாம் தொட்டிக்குள் கொட்டியது. திறந்த வாளிக்கு மாறியதே அதற்குப் பிறகுதான்.

முல்லைக் கரையான்:
கல்சியத்துக்குக் கடையில் காசு கொடுக்கிறீர்களா? முல்லைத்தீவுக் கரையில் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கும், பொறுக்குங்கள். உப்புப் போக மூன்று நாலு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, பிறகு வெயிலில் காயவையுங்கள். ஒருபக்கக் கடின ஓட்டைக் கத்தியால் சீவிவிட்டு ஒரு துண்டு மிதக்கவிட்டால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

நெடுங்கேணி அக்கா:
சாப்பாடும் சொல்லிவிடுகிறேன். குஞ்சுக்குத் தினமும், அதன் தலை அளவுக்கு உருண்டை. வளர்ந்தபின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அப்போது இலைதான் கூடுதலாக. கங்குன், ஆகாயத்தாமரை இலை, கரட் துருவல், பூசணி. மண்புழு, உப்பில்லாத பச்சை இறால் இடைக்கிடை. நெத்தலிக் கருவாடு போடாதீர்கள், உப்பு. பாணும் வேண்டாம். எப்போதும் பசி என்று நடிக்கும், நம்பாதீர்கள், என் மாமியார் நம்பி நம்பித் தம்பி தன் ஓட்டுக்குள் தலையை இழுக்க முடியாத அளவுக்குக் கொழுத்துவிட்டது.

சாப்பாட்டை வேறு பேசினில் கொடுத்தால் தொட்டி அழுக்காகாது.

வவுனியா மீன்தொட்டி:
அக்கா, அந்தப் பேசின் விஷயத்தில் நான் ஒத்துவரமாட்டேன். ஒவ்வொரு முறையும் தூக்கினால் ஆமை பயப்படும், சில ஆமை தின்னாமலே இருக்கும். தொட்டியிலேயே போட்டு, மிச்சத்தைப் பத்து நிமிடத்தில் வலையால் எடுத்துவிடலாம்.

நெடுங்கேணி அக்கா:
நீங்கள் எடுப்பீர்கள். நாங்கள் மறந்துவிடுவோம். வீட்டுக்கு வீடு வேறு தம்பி.

கரைச்சிப் பெடியன்:
நடுவில் ஒரு கேள்வி. எங்கள் வயல் வாய்க்காலில் ஒரு பாலாமை பிடித்தேன், சாப்பாட்டுக்கோப்பை அளவு. அதையும் இந்த மாதிரித் தொட்டியில் சிவப்புக்காதோடு விடலாமா?

மாங்குளம் மாஸ்டர்:
தம்பி, வேண்டாம். பாலாமை, குளத்துக் கறுத்த ஆமை, காட்டு நட்சத்திர ஆமை மூன்றும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம், வனசீவராசிகள் திணைக்களம் வந்து கேட்டால் பதில் இல்லை. சட்டத்தை விடுங்கள், பாலாமைக்குப் புதைய மணல் வேண்டும், அதன் ஓடு மென்மை, சிவப்புக்காது கடித்துக் குதறிவிடும். நோயும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும். பிடித்த வாய்க்காலிலேயே, அதே இடத்தில் விடுங்கள். இன்றே.

கிணற்றுத் தவளை:
எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு கரண்ட், பல்ப், விசிறி. பேசாமல் இரணைமடுக் குளத்தில் விட்டால் ஆமையும் சந்தோசமாக இருக்கும், இவரும் நிம்மதியாக இருப்பார். உயிரைச் சிறை வைப்பது பாவம் இல்லையா?

வவுனியா மீன்தொட்டி:
பாவம்தான், வாங்கியது. குளத்தில் விட்டால் இன்னும் பெரிய பாவம். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு போட்ட பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. 1997 இல் ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியையே நிறுத்தியது. வெயில் காயும் கட்டைக்கும் சாப்பாட்டுக்கும் நம்மூர் ஆமையோடு போட்டி போடும். வன்னிக் குளங்கள் ஒன்றோடொன்று தொடுத்தவை. மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் மேற்குளத்து உயிர் கீழ்க்குளத்துக்குப் போகும். நீங்கள் ஒரு குளத்தில் விடுவது ஒரு குளத்தோடு நிற்காது.

வளர்க்க முடியாதவர்கள் இங்கே எழுதுங்கள். என் பாதித் தாங்கியில் இப்போது நிற்கும் மூன்றில் இரண்டு அப்படி வந்தவைதான்.

கிணற்றுத் தவளை:
சரி, அந்த வான் பாய்கிற கதை நான் யோசிக்கவில்லை.

நெடுங்கேணி அக்கா:
பரந்தன் அண்ணை, சின்னப் பிள்ளை இருக்கிறபடியால் ஒன்று. ஆமையின் உடம்பில் சல்மனெல்லாக் கிருமி இருக்கலாம், பார்க்க நல்லாக இருக்கிற ஆமையிலும். அமெரிக்காவில் 1975 இலேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமை விற்பதைத் தடைசெய்தார்கள், பிள்ளைகள் வாயில் வைத்து நோய்ப்பட்டதால். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிச் சாமானைக் குசினிச் சிங்கில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் நான் ஆமையே வேண்டாம் என்பேன்.

தண்ணீர் இறக்க ஹோசை வாயால் உறிஞ்சாதீர்கள், மண்ணெண்ணெய் பரல் மாதிரி. ஹோசைத் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி நிரப்பி, ஒரு நுனியை விரலால் பொத்தி வெளியே இழுத்தால் தானாக ஓடும். வாரத்துக்கு நாலில் ஒரு பங்கு மாற்றினால் போதும். அந்தத் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் அருமை. வல்லாரைப் பாத்திக்கு ஊற்றாதீர்கள், சம்பல் பச்சையாகத்தானே சாப்பிடுகிறோம்.

பரந்தன் அப்பா:
ஆறு வாரத்துக்குப் பிறகு வருகிறேன். நான்கு அடித் தொட்டி செய்வித்தாயிற்று. உள்சுவர்ப் பக்கம், மின்விசிறி, வாளிப் பில்டர். மேடைக்கு இரண்டு செங்கல்லும் ஒரு ஓடும், விளிம்பைத் தேய்த்து, சாய்வாக. அடியில் கல் போடவில்லை, சின்னக் கல்லை விழுங்கும் என்று எங்கோ படித்தேன். தண்ணீர் இப்போது மத்தியானமும் 28 ஐத் தாண்டுவதில்லை. விசிறி போட்ட மூன்றாம் நாள் இரண்டும் ஓட்டில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டு கிடந்தன. மகள் சத்தம் போட்டதில் இரண்டும் தண்ணீருக்குள் குதித்துவிட்டன. கண் வீக்கமும் போய்விட்டது.

ஒரு பயம். இரண்டின் ஓட்டிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பூஞ்சணமா?

மாங்குளம் மாஸ்டர்:
கேத்திலில் படிவதுதான் ஓட்டிலும் படியும், உங்கள் கிணற்றுச் சுண்ணாம்பு. பழைய பல்துலக்கியில் தண்ணீரில் கலந்த வினாகிரி ஒரு சொட்டு விட்டு மெல்லத் தேயுங்கள், போனால் சுண்ணாம்பு. பிறகு நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். நகத்தால் அமத்திப் பாருங்கள். மெத்தென்று அமிழ்ந்து, குழி விழுந்து, கெட்ட மணம் வந்தால் ஓட்டழுகல், அது வைத்தியர் வேலை.

கரைச்சிப் பெடியன்:
பாலாமையை அன்றைக்கே விட்டேன் மாஸ்டர். ஒருமுறை திரும்பிப் பார்த்தது மாதிரி இருந்தது, பிறகு சேற்றுக்குள் போய்விட்டது.

நெடுங்கேணி அக்கா:
இப்போது எனக்கு ஒரு கேள்வி. நாலு நாளாகத் தம்பி சாப்பிடவில்லை. இரவு முழுக்கக் கண்ணாடியைப் பின்காலால் பிராண்டிக்கொண்டே இருக்கிறான். நோயா?

வவுனியா மீன்தொட்டி:
அக்கா, தம்பியின் முன்கால் நகம் நீளமா? வால் தடிப்பா, நீளமா? ஆணுக்கு இரண்டும் நீளம்.

நெடுங்கேணி அக்கா:
நகம் கட்டை. வாலும் கட்டை.

வவுனியா மீன்தொட்டி:
அப்போ இன்றைக்கே ஒரு பெரிய பேசினில் ஈர மணல், ஆமையின் ஓட்டு நீளத்துக்கு ஆழமாக, இருட்டாக ஒரு மூலையில் வைத்து உள்ளே விடுங்கள். ஆண் இல்லாமலும் முட்டை வரும். முட்டையிட இடம் கிடைக்காமல் அது உள்ளேயே தங்கினால்தான் ஆபத்து. இரண்டு மூன்று நாளில் ஒன்றும் நடக்காமல் சோர்ந்துபோனால் வைத்தியரிடம் ஓடுங்கள்.

நெடுங்கேணி அக்கா:
விடிய எழும்பிப் பார்த்தால் மணல் கிளறிக் கிடக்கிறது. ஏழு முட்டை. தம்பி தொட்டிக்குத் திரும்பி, கங்குன் முழுவதையும் தின்று முடித்துவிட்டது. மாமியார் பெயரை மாற்றச் சொல்கிறார், பிள்ளைகள் விடவில்லை.